பாட்டி பெயர் எழுதிய ஒரே நோட்டு கரையானுக்கா, நமக்கா?

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டு கமெண்டில் திட்ட வராதீர்கள். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எனக்கு ஊர் எப்போதும்வென்றான். பெயர்தான் அப்படி. போன மாதம் என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் தகப்பனார் பெயரைத் தேடிப் போய்த் தோற்றுத் திரும்பி வந்தவன் நான். அந்தத் தோல்வியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அம்மா பிறந்த ஊர் இந்தக் கரிசல் காட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு கத்தோலிக்கக் கிராமம். பங்கின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒரு சாமியாரோடு சண்டை போட்டதாக முடிந்துவிடும். என் சண்டை ஒரு ஆளோடு இல்லை, பல இடத்தில் இருக்கிற ஒரு பழக்கத்தோடு.

பங்கு அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், கல்யாணத்துக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேணுமா?"

"இல்லப்பா. எங்க பாட்டி பெயர் பார்க்கணும். 1900க்குக் கொஞ்சம் பின்னால."

"எதுக்கு சார்? சொத்துப் பிரச்சினையா?"

"சொத்தெல்லாம் ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"பழைய புத்தகம் எல்லாம் யாருக்கும் காட்டுறதில்ல சார்."

தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒரு காரணமே இல்லை என்று எப்போது முடிவு செய்தோம்? முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளிடம் "கேள்வி கேளுங்கடா" என்று சொன்னவன் நான். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் பஸ் ஏறினேன்.

முதலில் என் தொழிலைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பிறந்த தேதி கேட்டால், "பருத்தி எடுக்கிற சமயம் பொறந்தான் வாத்தியாரய்யா" என்பார்கள். "பெரிய மழை பெஞ்ச வருஷம்" என்பார்கள். பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. உடனே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிவிடுவோம். இந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு மே மாதப் பிறந்தநாள் என்று பாருங்கள். அதில் பாதி எங்களைப் போன்ற வாத்தியார்கள் பிறப்பித்தது.

அரசாங்கப் பிறப்புப் பதிவேடு? கிராம முன்சீப் எழுதிய பழைய பதிவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் குழந்தையின் பெயரே இருக்காது. "ஆண்", "பெண்" என்பதோடு சரி. நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாகப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969இல்தான்.

ஆனால் பங்குச் சாமியார் எழுதிய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பாருங்கள். குழந்தை பிழைக்குமோ பிழைக்காதோ என்ற பயத்தில் பிறந்த சில நாளிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அதனால் தேதி உண்மைத் தேதி. குழந்தை பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கொடுத்த குருவின் கையெழுத்து எல்லாம் ஒரே வரியில் இருக்கும். நாங்கள் பொய் எழுதிய காலத்தில் அவர்கள் மெய் எழுதி வைத்தார்கள். இதை ஒரு வாத்தியார் ஒப்புக்கொள்வது கஷ்டம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் புத்தகம் வைக்கச் சொன்னது. 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல் இறந்தோர் புத்தகத்தையும் சேர்த்தது. இந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருந்த சேசு சபைக் குருக்கள்தான் மதுரை மிஷன் என்ற பெயரில் நம் கரிசலுக்கு வந்தார்கள். வீரமாமுனிவர் தமிழ்நாட்டில் முதன்முதலில் பணி செய்த இடங்களில் ஒன்று நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டி. 1773இல் சேசு சபையையே கலைத்தார்கள். 1830களின் கடைசியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். இடையில் போனவை போக, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பல பங்குகளில் இன்றும் இருக்கின்றன. பீரோவுக்குள் இருக்கின்றன என்பதுதான் பிரச்சினை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டயபுரம் ஜமீனுக்கு ஒரு வம்ச வரலாறு உண்டு. "வம்சமணி தீபிகை" என்று பெயர். 1879இல் அச்சில் வந்தது. பாரதி 1919இல் அதை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருகிறேன் என்று ஜமீனுக்குக் கடிதம் எழுதினான். ராஜாவுக்குப் புலவர் உண்டு, அச்சுக்கூடம் உண்டு, திருத்திக் கொடுக்கப் பாரதியே உண்டு. அதே சீமையில் பருத்தி எடுத்த பெண்ணுக்கு என்ன உண்டு? பட்டா இல்லை. பத்திரம் இல்லை. கல்வெட்டு இல்லை. நிலம் இருந்தவன் பெயராவது அடங்கலில் வந்திருக்கும். அவன் பெண்டாட்டி பெயர் அதிலும் வராது.

பங்குப் புத்தகத்தில் வந்திருக்கிறது. கூலிக்காரியின் பெயர், அவள் தாயின் பெயர், மூன்று நாள் உயிரோடு இருந்த குழந்தையின் பெயர். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்களை அரசாங்கம் எண்ணிக்கையாக எழுதி வைத்தது. இறந்தோர் புத்தகம் ஒழுங்காக வைத்த பங்கு அவர்களைப் பெயர் பெயராக எழுதி வைத்தது. ஏழைகளின் வம்சமணி தீபிகை அதுதான். அதைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. தின்ன விட்டுவிட்டு, "யாருக்கும் காட்டுறதில்ல" என்று பூட்டையும் போட்டு வைத்திருக்கிறோம்.

இதை வெறும் யூகமாகச் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது வேறொரு இளம் சாமியார் இருந்தார். "வாங்க சார், சேர்ந்து பாப்போம்" என்றார். நல்லா இருக்கணும் அவர். பீரோவின் அடித்தட்டில் திருவிழா சீரியல் பல்புகளுக்கும் பழைய கொடித்துணிக்கும் அடியில் இருந்தன புத்தகங்கள். 1904இல் எங்கள் பாட்டியின் வரி கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

அந்த ஒரு வரி எனக்கு மூன்று விஷயம் சொன்னது.

ஒன்று. வரியின் ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பு. 1922இல் இன்ன பங்கில் திருமணம் என்று. எங்கள் தாத்தா எந்த ஊர்க்காரர் என்று வீட்டில் மூன்று கதை உண்டு. மூன்றும் தப்பு. இந்த ஓரக்குறிப்பு ஏன் இருக்கிறது தெரியுமா? 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டம், ஒருவருக்குத் திருமணம் எங்கே நடந்தாலும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்கச் சொன்னது. அதனால் பிறந்த ஊர்ப் புத்தகம் ஒருத்தி வாழப்போன ஊரையும் சொல்லும். பெண் வழியில் வம்சம் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இரண்டு. 1901இல் அதே தகப்பனுக்கும் தாய்க்கும் அதே பெயரில் இன்னொரு பெண் குழந்தை. இறந்தோர் புத்தகத்தில் அடுத்த வருஷமே அவள் பெயர். செத்த மூத்தவளின் பெயரைத்தான் எங்கள் பாட்டிக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு குழந்தை இந்தப் பூமிக்கு வந்துபோனதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. (தேடுகிறவர்கள் கவனியுங்கள். ஒரே பெயரில் இரண்டு பதிவு இருந்தால் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். இறந்தோர் புத்தகத்தையும் பாருங்கள்.)

மூன்று. தகப்பன் பெயர் லத்தீனில் "பெத்ருஸ்". வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டிருப்பார்கள். அவருடைய தகப்பன் பெயரைத் தெரிந்துகொள்ள அவருடைய கல்யாணப் பதிவு வேண்டும். 1890களின் கடைசி. அந்தப் பக்கங்களைத் திருப்பினோம். திருப்ப ஒன்றும் இல்லை. புத்தகத்தின் நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பொடியாகக் கொட்டியது. இளம் சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கேதான் நான் தோற்றேன். என் கொள்ளுத் தாத்தாவின் தகப்பன் பெயரைத் தின்றது கரையான்தான். ஆனால் அதற்கு இலை போட்டு வைத்தது நாம்.

"லத்தீனில் இருக்கிறது, உங்களுக்கு எப்படிப் புரியும்" என்று ஒரு சாக்கு உண்டு. பத்து வார்த்தை படித்தால் போதும். "நாத்தா" என்றால் பிறந்தவள். "ஃபிலியா" மகள். "கோன்யுகும்" தம்பதியர். "பத்ரினுஸ்" ஞானத்தகப்பன். "ஒபீயித்" இறந்தார். பெத்ருஸ் ராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யாக்கோபுஸ் யாகப்பன், யோசேபுஸ் சூசை. எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பீரியடில் படித்துவிடுவார்கள். பெயரே காலத்தையும் சொல்லும். லூர்து என்ற பெயர், லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்த 1858க்கு முன்னால் ஒருவருக்கு இருக்க முடியாது. பிலோமினா என்ற பெயர் 1802க்கு முன்னால் வராது. அந்தப் புனிதையின் கல்லறை ரோமில் கண்டெடுக்கப்பட்டதே அந்த வருஷம்தான்.

சரி. இனி எதிர்ப்பக்கத்து வாதங்கள். நான்கு கேட்டிருக்கிறேன். நான்குக்கும் பதில் சொல்கிறேன்.

"இது ரகசிய ஆவணம். திருச்சபைச் சட்டம் அனுமதிக்காது."

சட்டத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 535ஆவது சட்டம், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், இறப்புக்குப் பதிவேடு இருக்க வேண்டும், பழைய பதிவேடுகளையும் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. 491ஆவது சட்டம், பங்குகளின் ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை ஆயரிடம் கொடுக்கிறது. பட்டியல் எடுத்து இரண்டு பிரதி வைக்கச் சொல்கிறது. 487ஆவது சட்டம், தன் நிலையைப் பற்றிய, பொது இயல்புள்ள ஆவணத்தின் நகலை நேரிலோ ஆள் மூலமாகவோ பெற ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது. காட்டக் கூடாது என்று சட்டம் சொல்வதாக வாதாடுகிறவர்கள், காப்பாற்றச் சொன்ன சட்டத்தை எந்தப் பீரோவில் வைத்தார்கள்?

"ஆட்களின் அந்தரங்கம் வெளியே வரும். சாதிச் சான்றிதழுக்கு ஆபத்து."

இது நியாயமான பயம். இதைச் சிரித்துத் தள்ளுகிறவன் இந்த ஊர்களை அறியாதவன். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவராக இருக்கும் தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியருக்கு 1956இல் கொடுத்தார்கள். பௌத்தருக்கு 1990இல் கொடுத்தார்கள். கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவருடைய ஞானஸ்நானப் பதிவையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டு சான்றிதழ் கோரிக்கையை நிராகரித்தது. ஆகவே பதிவேட்டைக் கண்டு மக்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அநியாயம் அந்த ஆணையில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. ஆனாலும் அடி விழுவது புத்தகத்தில் பெயர் இருக்கிறவன் மேல்.

அதனால்தான் நான் எல்லாவற்றையும் திறக்கச் சொல்லவில்லை. நூறு வருஷம் என்று ஒரு கோடு போடுங்கள். அதற்கு உள்ளே இருப்பது சம்பந்தப்பட்டவருக்கு மட்டும். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை, இரண்டாம் கல்யாணம், இதெல்லாம் உயிரோடு இருப்பவர்களை நோகடிக்கக் கூடாது. நூறு வருஷம் தாண்டியது வரலாறு. 1880இல் ஞானஸ்நானம் பெற்றவளின் அந்தரங்கத்தை இப்போது காப்பது யார்? கரையானா?

"கொடுத்தால் வெளிநாட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்."

2008இல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கத்துக்குப் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு அறிவுறுத்தியது உண்மை. காரணம், அதை நடத்துகிற மார்மன் சபையில் இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறும் சடங்கு உண்டு. அவர்களுக்குக் கொடுக்காதே என்றார்கள். உன் வீட்டுப் புத்தகத்தை நீயே படமெடுத்து வைக்காதே என்று எங்கே சொன்னார்கள்? 1997இல் வத்திக்கானின் கலாச்சாரச் சொத்து ஆணையமே திருச்சபை ஆவணக் காப்பகங்கள் எவ்வளவு முக்கியம் என்று ஆயர்களுக்குத் தனிக் கடிதம் எழுதியிருக்கிறது.

"இதுக்கெல்லாம் ஆளும் பணமும் எங்கே?"

திருவிழாவுக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு ராத்திரி வாணவேடிக்கைப் பணத்தில் ஒரு பங்கின் எல்லாப் பழைய புத்தகங்களையும் படமெடுத்துவிடலாம். ஆள் வேண்டுமா? என்னைப் போல ஓய்வு பெற்ற வாத்தியார்கள் ஊருக்கு நான்கு பேர் வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பதிவேடு எழுதியே கை காய்த்தவர்கள் நாங்கள். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிந்த பள்ளித் தோம்புகளை எழுதியவர்களே பள்ளிக்கூட வாத்தியார்கள்தான். எங்களுக்கு இது புது வேலை இல்லை.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு அயர்லாந்தைக் காட்டுகிறேன். 1922இல் உள்நாட்டுப் போரில் டப்ளின் அரசு ஆவணக் காப்பகம் எரிந்து, பழைய மக்கள்தொகைக் கணக்குகள் சாம்பலாயின. மிஞ்சியதில் ஏழைகளின் பெயர் இருந்தது கத்தோலிக்கப் பங்குப் புத்தகங்களில். அந்நாட்டுத் தேசிய நூலகம் ஆயர்களின் சம்மதத்தோடு அவற்றை முன்பே மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருந்தது. 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பக்கப் படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. சுமார் 1880 வரைதான், அதற்குப் பின் இல்லை. கோடும் போட்டார்கள், கதவும் திறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலப் பஞ்சம் பார்த்த, கப்பல் ஏறிய சனங்கள்தான்.

கப்பல் என்றதும் இலங்கை ஞாபகம் வருகிறது. நம் தெற்குச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகளிடம் 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் "உன் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு" என்றது. காகிதம் இல்லாத லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். ஒரு வரி எழுத்துக்கு என்ன விலை என்று அவர்களைக் கேளுங்கள்.

இப்போது நம் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். சாமியார்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நியாயம் இல்லை.

வம்சம் தேடக் கிளம்புகிறவர்களில் பலர் தேடுவது வம்சத்தை இல்லை, பெருமையை. "நாங்க ஆண்ட பரம்பரை" என்று பேனர் அடிக்க ஒரு ஆதாரம் கிடைக்குமா என்று வருகிறார்கள். பழைய பதிவேடு சிலவற்றில் சாதியும் எழுதியிருக்கும். அதை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போய் அடுத்த தெருக்காரனை மட்டம் தட்டுகிறவனுக்குக் கதவைத் திறக்க எந்தச் சாமியாரும் தயங்கத்தான் செய்வார். அந்தத் தயக்கத்துக்கு நாம்தான் காரணம். என் பாட்டியின் பாட்டி யாருடைய காட்டில் கூலிக்குப் போனாள் என்று தெரிந்தால், நான் அதை அப்படியே என் பேரனிடம் சொல்வேன். அதைச் சொல்லத் தைரியம் இல்லாதவன் வம்சம் தேட வேண்டாம்.

அடுத்து, எத்தனை பேர் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்? ஊர், தோராய வருஷம், ஞானத்தகப்பன் பெயர், இது தெரியாமல் போய் நின்றால் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? இன்றைக்குத் தனிப் பங்காக இருக்கிற ஊர், நூறு வருஷம் முன் வேறொரு பங்கின் கிளை ஊராக இருந்திருக்கும். பழைய புத்தகம் தாய்ப் பங்கில் இருக்கும். மறைமாவட்டமும் மாறியிருக்கும். தூத்துக்குடி 1923இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. பாளையங்கோட்டை 1973இல் மதுரையிலிருந்து பிரிந்தது. பங்கில் கிடைக்காதவர்கள் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் உள்ள சேசு சபை ஆவணக் காப்பகத்தையும் நினைவில் வையுங்கள். மதுரை மிஷன் குருக்களின் கடிதங்களும் குறிப்புகளும் அங்கே இருக்கின்றன.

கடைசியாக என் கோரிக்கைகள். ஆயர்களுக்கும், பங்குத் தந்தையருக்கும், பங்குப் பேரவைக்காரர்களுக்கும்.

1. இந்த வாரமே பீரோவைத் திறந்து என்ன புத்தகம், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒரு தாள் போதும்.

2. புத்தகங்களைச் சுவரையும் தரையையும் தொடாமல் வையுங்கள். சீரியல் பல்புக்கு வேறு இடம் பாருங்கள்.

3. கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், அது பாதுகாப்பு இல்லை, கொலை. சந்தேகம் இருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி பழைய காகிதத்தைக் கையாளத் தெரிந்த இடத்தில் கேளுங்கள்.

4. நூறு வருஷம் தாண்டிய பக்கங்களைப் பங்கிலேயே வைத்துப் படமெடுங்கள். ஒரு பிரதி பங்கில், ஒரு பிரதி மறைமாவட்டத்தில். படத்தைப் பார்க்கக் கொடுங்கள், புத்தகத்தை யாரும் தொட வேண்டாம்.

5. கேட்டு வருகிறவரிடம் "எதுக்கு?" என்று கேட்காதீர்கள். "வாங்க, எந்த ஊர், எந்த வருஷம்?" என்று கேளுங்கள்.

இதில் எதற்கும் ரோமுக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்து இரண்டு நண்பர்கள், இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், செல்போனில் படமெடுத்துப் பட்டியல் போடத் தயாராக இருக்கிறார்கள். அந்த இளம் சாமியாரும் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சரி என்று பதில் வந்தால் அடுத்த வாரமே வேலையை ஆரம்பிக்கிறோம். உங்கள் பங்கிலும் யாராவது முன்வந்தால் இங்கே கமெண்டில் சொல்லுங்கள், எப்படிச் செய்வது என்று பேசுவோம். உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர் இருந்தால், இந்தப் பதிவுக்கு லைக் போடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருடைய பாட்டி பெயரைக் கேளுங்கள். முதலில் அதை எழுதுங்கள்.

இப்போது திட்ட வேண்டியவர்கள் திட்டலாம்.